வீட்டுக்கு பேட்டரி பேக்கப்: பெட்டியைப் பார்க்கும் முன் டி.பி.யைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: கரண்ட் போனால் மூன்று, நான்கு மணி நேரம் வருவதில்லை. விளக்கு, ஃபேன், வைஃபை, டிவி, ஃப்ரிட்ஜ் ஓடினால் போதும். எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வேண்டும், டியூபுலர் (ஈய-அமில) பேட்டரியா லித்தியமா, நானே பொருத்திக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஆபத்து இருப்பது அதில்தான். பேட்டரியை வைப்பது, இன்வெர்ட்டரின் பிளக்கைச் சுவரில் செருகி அதன் பின்புற சாக்கெட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு எடுத்து டேபிள் ஃபேனும் வைஃபையும் ஓட்டுவது, இதெல்லாம் கையில் நிதானம் உள்ள யாரும் செய்யலாம். வீட்டு வயரிங்கோடு சேர்க்க டி.பி.யை, அதாவது வீட்டு சர்க்யூட்கள் எல்லாம் பிரியும் மெயின் பெட்டியை, திறக்க வேண்டும். அங்கே உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வரட்டும். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்து பக்கத்தில் நில்லுங்கள். இந்தப் பதிலில் பாதி அதற்காகத்தான்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு வயரை இன்வெர்ட்டரிலிருந்து எடுத்து, ஏதோ ஒரு சுவர் சாக்கெட்டில் சொருகி, வீடு முழுக்க வெளிச்சம் வந்துவிட்டது என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள். மெயினை அணைக்க ஒருமுறை மறந்தால் போதும், உங்கள் 230 வோல்ட் தெருவுக்குப் போகும். அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கையில்தான் அது முடியும். நடுவில் கரண்ட் திரும்பி வந்தால் இன்வெர்ட்டரும் போய்விடும்.

சரி, அளவுக்கு வருவோம். எத்தனை கே.வி.ஏ. (ஆயிரம் வி.ஏ., அதாவது வோல்ட்-ஆம்பியர்; இன்வெர்ட்டரின் அளவு) என்று கேட்பதற்கு முன் ஒரு தாள் எடுங்கள். நீங்கள் சொன்ன வீட்டுக்கு நான் போடும் கணக்கு: 9 வாட் எல்.இ.டி. ஐந்து, 45 வாட். சாதாரண சீலிங் ஃபேன் மூன்று, ஒன்றுக்கு 75 வீதம் 225. வைஃபை 10. டிவி 90. மொத்தம் 370 வாட். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது 150 வாட் என்று வைத்தால் 520. ஆனால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுவதில்லை, ஓடி ஓடி நிற்கும். அதனால் சராசரியாக 60 வாட் போட்டுக்கொள்ளலாம். ஆக, தொடர்ந்து இழுக்கும் சராசரி 430 வாட். நான்கு மணி நேரத்துக்கு 1720 வாட்-அவர். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15 சதவீதம் போலச் சூடாக வீணாக்கும். ஆகவே பேட்டரியிலிருந்து வெளியே வர வேண்டியது ஏறத்தாழ 2000 வாட்-அவர்.

இந்தத் தாளில் ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். மூன்று ஃபேன்களையும் 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த வாட்டில் ஓடும், பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனாக மாற்றினால் 225 என்பது 90 ஆகிறது. நான்கு மணி நேரத்தில் 540 வாட்-அவர் மிச்சம், அதாவது முழுத் தேவையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பெரிய பேட்டரி வாங்க நினைக்கும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஃபேனைப் பற்றித்தான். பேட்டரி சில வருடங்களில் சாகும், ஃபேன் மிச்சப்படுத்துவது கரண்ட் இருக்கும்போதும் தொடரும்.

இன்வெர்ட்டரின் அளவு வேறு கணக்கு. பேட்டரி எவ்வளவு நேரம் என்பதைச் சொல்கிறது. இன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘பெரிய இன்வெர்ட்டர் போட்டேன், நேரம் கூடவில்லையே’ என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் வி.ஏ., வாட் அல்ல. 0.8-ஆல் பெருக்கினால் பல மாடல்களுக்கு வாட் கிடைக்கும். 900 வி.ஏ. என்றால் 720 வாட். வாட் எவ்வளவு என்று தனியாகவே எழுதியிருந்தால் அதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் 520 வாட்டுக்கு 720 போதாதா என்றால், ஃப்ரிட்ஜ் குறுக்கே நிற்கிறது. சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும் அந்த அரை நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். 150 வாட் ஃப்ரிட்ஜ் ஒரு கணம் 800, 900 கேட்கும். ஏற்கெனவே 370 ஓடிக்கொண்டிருக்கிறது. சிறிய இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று கத்திவிட்டு நின்றுவிடும். ஆகவே 1000 வாட் தொடர்ந்து தரக்கூடியது, அதாவது 1250 வி.ஏ.க்குக் குறையாதது. உங்கள் ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வகையாக இருந்தால் அது மெதுவாகக் கிளம்பும், இந்தத் தொல்லை குறைவு.

சைன் வேவ் (மெயின் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும்) வகையையே வாங்குங்கள். ஸ்கொயர் வேவ் மலிவு என்பதற்காக வாங்கினால் ஃபேன் உறுமும், மோட்டார்கள் தேவைக்கு மேல் சூடாகும். அந்த உறுமலை ராத்திரி முழுக்கக் கேட்பது உங்கள் பாடு. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், மோட்டார் பம்பு, ஏ.சி. எதுவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அவற்றுக்கான சாக்கெட்டுகளை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல் விடுவது இன்னும் நல்லது; சொல்லி வைப்பது மறந்துபோகும்.

இப்போது டியூபுலரா லித்தியமா. இரண்டும் வேலை செய்யும், ஆனால் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணில் எவ்வளவை நிஜமாக எடுக்கலாம் என்பது இரண்டுக்கும் வேறு.

12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) டியூபுலர் என்றால் 12 × 150, அதாவது 1800 வாட்-அவர் என்று தோன்றும். அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது, அதாவது 7.5 ஆம்பியர் வீதம். நீங்கள் நான்கு மணி நேரத்தில் காலி செய்தால் அவ்வளவு தராது, நாலில் மூன்று பங்கே கிடைப்பதும் கடினம். அதோடு, ஈய பேட்டரியை அடிவரை வழித்தெடுத்தால் ஆயுள் சரசரவென்று குறையும். பாதியளவில் நிறுத்துவதே அதற்கு நல்லது. ஆக, உங்கள் 2000 வாட்-அவருக்கு ஒரு பேட்டரி போதாது. இரண்டு 150 ஏ.எச்.ஐத் தொடராக இணைத்து 24 வோல்ட். மொத்தம் 3600, அதில் 2000 எடுத்தால் பாதிக்குச் சற்று மேல். இது நியாயமான பயன்பாடு.

லித்தியம் என்று கடையில் சொன்னால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா என்று கேளுங்கள். எல்.எஃப்.பி. என்பார்கள். போனில் இருக்கும் லித்தியத்தைவிட வெப்பத்தில் நிதானமானது, சட்டென்று தீப்பற்றும் குணம் குறைவு. ஒரு செல் 3.2 வோல்ட். எட்டு செல் சேர்ந்தால் 25.6 வோல்ட், 100 ஏ.எச். என்றால் 2560 வாட்-அவர். அதில் 80 சதவீதம் எடுப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை: 2048. உங்கள் தாளில் இருக்கும் எண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஆகி இறங்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடையும் குறைவு. 150 ஏ.எச். டியூபுலர் ஒன்றே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டைத் தூக்கி மாடியில் வைத்துப் பாருங்கள், புரியும்.

பலர் கவனிக்காத இன்னொன்று சார்ஜ் ஆகும் வேகம். ஈய பேட்டரியை ஏ.எச். எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றுவது வழக்கம், 150-க்கு 15 ஆம்பியர். வெறும் பேட்டரி நிறையப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உங்களுக்கு ஒரே நாளில் இரண்டு முறை நான்கு மணி நேரம் போனால், இரண்டாவது முறை பேட்டரி அரை வயிற்றோடுதான் வேலைக்கு வரும். இப்படியே நாட்கள் போனால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகி, நிரம்பவே நிரம்பாது. அடிக்கடி போகும் வீட்டுக்கு நான் லித்தியம் பக்கம் சாய்வதற்கு விலையோ எடையோ காரணம் அல்ல, இதுதான். மாதத்தில் ஓரிரு தடவை மட்டும் போகும் வீடாக இருந்தால் டியூபுலரே போதும் என்பேன்.

லித்தியத்தில் மறைவான ஒரு சங்கடம் உண்டு. பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டக் கூடாது. ஈய பேட்டரிக்காகச் செய்த சார்ஜர் சில நேரம் வோல்ட்டை ஏற்றிச் சமன் செய்யப் பார்க்கும், எல்.எஃப்.பி. அதைத் தாங்காது, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் போர்டு) பட்டென்று துண்டித்துவிடும். இன்வெர்ட்டரில் லித்தியம் என்று ஒரு தேர்வு இருக்க வேண்டும், அதை நிஜமாகவே தேர்ந்தெடுத்திருக்கவும் வேண்டும். அப்புறம், ஈய பேட்டரி தீரும்போது வோல்ட் படிப்படியாக இறங்கும், இன்வெர்ட்டர் முன்கூட்டியே கத்தும். எல்.எஃப்.பி. கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டில் நின்றுவிட்டு சடாரென்று விழும். மீதி எவ்வளவு என்று பி.எம்.எஸ். காட்டும் சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும், வோல்ட் மீட்டரை நம்பிப் பயனில்லை. உறைநிலைக்குக் கீழே குளிரும் இடமென்றால் அந்தக் குளிரில் அதை சார்ஜ் ஏற்றக் கூடாது.

கார் பேட்டரியைப் போட்டால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அது எஞ்சினைக் கிளப்ப சில நொடி பெரிய ஆம்பியர் தரச் செய்தது, பிளேட் மெல்லியது. இரவெல்லாம் ஃபேன் ஓட்டினால் சில மாதங்களில் கதை முடிந்துவிடும்.

இனி கேபிள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நான் பார்த்த கருகல்கள் எல்லாம் இங்கேதான். 1000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால், இன்வெர்ட்டர் வீணாக்குவதையும் சேர்த்து பேட்டரி கேபிளில் ஏறத்தாழ 98 ஆம்பியர் ஓடும். வீட்டு மெயின் வயரில் ஓடுவதைவிட அதிகம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இரண்டு மீட்டர் தூரம், போக வர நான்கு மீட்டர் என்று வையுங்கள். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் வழியிலேயே 1.1 வோல்ட் தொலையும், நூறு வாட்டுக்கு மேல் வயரே சூடாக விழுங்கும். அதே இடத்தில் 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்டும் இருபத்தைந்து வாட்டும். 24 வோல்ட்டுக்குப் போனால் ஆம்பியர் பாதியாகி, அதே வயரில் வீண் நாலில் ஒரு பங்காகும். இரண்டு பேட்டரி 24 வோல்ட் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேபிளைவிட மோசமானது அதன் முனை. லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஒழுங்காக கிரிம்ப் செய்யாமல், அதாவது அதற்கான கருவியால் அழுத்தி இறுக்காமல், சுத்தியலால் தட்டி, நட்டைக் கையால் முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இணைப்பில் ஐந்து மில்லி ஓம் தடை இருந்தால், 100 ஆம்பியரில் அங்கே 50 வாட் சூடு. ஒரு 50 வாட் சால்டரிங் அயர்னை பேட்டரி முனையில் வைத்துவிட்டு மூடியதற்குச் சமம். பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, ஒருநாள் வாசனை வரும். அந்த வாசனை வந்தபின் பார்த்தால் ஈய முனை ஒரு பக்கம் மெழுகுபோல இறங்கியிருக்கும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் வேண்டும், இன்வெர்ட்டர் பக்கம் அல்ல. கேபிள் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற வேண்டியது கேபிளைத்தான். வீட்டில் மிச்சம் கிடந்த எம்.சி.பி.யை (ஓவர்லோடானால் தானே விழும் சுவிட்ச்) போட வேண்டாம், அது ஏ.சி.க்கு, அதாவது திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்துக்குச் செய்தது. ஏ.சி. நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, பொறி தானே அணையும். பேட்டரி தரும் டி.சி.யில் அந்த இடைவெளி இல்லை, பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். டி.சி.க்கென்று செய்ததையே வாங்குங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில். கை மோதிரம், உலோக வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பானருக்கும் முனைக்கும் நடுவில் மாட்டிய மோதிரம் விரலோடு பழுத்துவிடும்.

டி.பி. பக்கம் வருவோம். இன்வெர்ட்டர் லைனில் போக வேண்டிய சர்க்யூட்களின் ஃபேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு மாற்றிவிட்டு, நியூட்ரலைப் பழையபடி எல்லாவற்றோடும் கலந்தே விட்டுவிடுவது வழக்கமான குறுக்குவழி. வேலை செய்யும், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாதவரை. ஆர்.சி.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஃபேஸில் போனது நியூட்ரலில் அப்படியே திரும்பி வந்ததா? வேறு வழியாகத் திரும்பினால், கசிவு என்று நினைத்து விழுந்துவிடும்.

என் வீட்டிலேயே இது நடந்தது. மாடி முழுவதையும் இன்வெர்ட்டரில் போட்டு, அதற்கென்று தனி ஆர்.சி.சி.பி. வைத்தேன். எல்லாம் நன்றாக ஓடியது, ராத்திரி யாராவது மாடிப்படி விளக்கைப் போடும்வரை. போட்டதும் மாடி இருண்டுவிடும். இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டேன், விளக்கை மாற்றினேன், மூன்று நாள் போயிற்று. கடைசியில் படிக்கட்டின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், கீழேயும் மேலேயும் போடும் டூ-வே சுவிட்ச். வீடு கட்டிய காலத்தில் வயர் மிச்சம் பிடிக்க, விளக்குக்கு ஃபேஸை மாடி சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரலைக் கீழ் சர்க்யூட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். முன்பு வீட்டுக்கே ஒரே ஆர்.சி.சி.பி. என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து கணக்கு சரியாகியிருந்தது. பிரித்ததும் அம்பலமாகிவிட்டது. நியூட்ரலை ஒரே ஒரு வயர் புதிதாக இழுத்ததும் சரியானது.

ஆகவே எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது: இன்வெர்ட்டர் சர்க்யூட்களுக்குத் தனி நியூட்ரல் பார் உண்டா, தனி ஆர்.சி.சி.பி. உண்டா, இன்வெர்ட்டருக்குள் போகும் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே பாதுகாப்புக் கருவிக்குப் பின்னாலிருந்து வருகின்றனவா. இன்னொன்றும் உண்டு. சில சிஸ்டங்கள் கரண்ட் போனதும் தெருப் பக்கத்து நியூட்ரலையும் சேர்த்துத் துண்டித்துவிடும். அப்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இருந்த தொடர்பு போய்விடுகிறது. யாராவது ஃபேஸைத் தொட்டால் ஆர்.சி.சி.பி. உணராமல் போகலாம். நல்ல கருவிகளில் பேட்டரிக்கு மாறும்போது அந்தத் தொடர்பைத் தானே ஏற்படுத்தும் ரிலே இருக்கும். டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், விழுந்தது என்று ஆறுதல் அடைய வேண்டாம். அந்தப் பட்டன் எர்த்தே இல்லாமலும் வேலை செய்யும். பேட்டரியில் ஓடும்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஆர்.சி.சி.பி. டெஸ்டர் கருவி வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வைக்கும் இடத்தில் பிடிவாதம் பிடியுங்கள். எல்லோரும் படிக்கட்டுக்கு அடியில்தான் வைக்கிறார்கள், இடம் சும்மா கிடக்கிறதே என்று. தீ, புகை என்று வந்தால் வெளியேறும் வழியும் அதுதான். ஈய பேட்டரி நிரம்பும் தருவாயில் ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் வாயு. மூடிய அலமாரி வேண்டாம், அடுப்புக்கு அருகில் வேண்டாம், பேட்டரிக்கு நேர் மேலே இன்வெர்ட்டரை மாட்டவும் வேண்டாம், அமில ஆவி அதன் போர்டை அரிக்கும். வெயில் விழாத இடமாக இருக்கட்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது.

கம்ப்யூட்டரை இதில் ஓட்டினால் இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். மாறும் நேரம் குறைந்து கம்ப்யூட்டர் அணையாமல் தப்பும். பதிலாக, வோல்ட் கொஞ்சம் தாழ்ந்தாலும் அது பேட்டரிக்குத் தாவும். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் முதலில் இந்த சுவிட்சைப் பாருங்கள். கூரையில் சோலார் இருப்பவர்களுக்கு ஒரு வரி: கிரிட்டோடு மட்டும் இணைந்த சோலார், கரண்ட் போனால் வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறுபவர் பாதுகாப்புக்காக அப்படி. பேட்டரியோடு சேர்க்க ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை.

டியூபுலர் வாங்கினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் முழுதாக சார்ஜ் ஆனபின். இறங்கிய பேட்டரியில் மட்டம் தாழ்ந்திருக்கும். அப்போது நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கித் தரையில் வழியும். அமிலத்தை நீங்களாக ஊற்றாதீர்கள். இரண்டில் ஒன்று செத்தால் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றிப் பழையதோடு கட்டாதீர்கள், பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

எல்லாம் முடிந்து எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன், அவரை உட்கார வைத்துவிட்டு மெயினை அணையுங்கள். ஃப்ரிட்ஜ், மூன்று ஃபேன், டிவி, விளக்கு எல்லாம் ஓடட்டும். மாடிப்படி விளக்கைப் போட்டு அணைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து பேட்டரி கேபிளின் ரப்பர் உறையில், லக்குக்குச் சற்றுப் பின்னால், விரலை வையுங்கள். ஒரு முனை மற்றதைவிடச் சூடாக இருந்தால், அதைக் கழற்றித் திரும்ப கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், அவர் கைப்பையை மூடுவதற்குள்.